முக்தார் அவேசோவ்: நாவலாசிரியரா, அபாயைப் பரப்பியவரா?

நீங்கள் கேட்டதை என் வார்த்தைகளில் ஒருமுறை சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். ‘அபாய் பாதை’ என்ற கசாக் நாவலைப் பற்றிப் படித்திருக்கிறீர்கள். அதை எழுதிய முக்தார் அவேசோவுக்குச் சோவியத் அரசின் ஸ்டாலின் பரிசு, லெனின் பரிசு இரண்டும் கிடைத்ததையும், 1932-ல் அவர் செய்தித்தாளில் மன்னிப்புக் கடிதம் வெளியிட்டதையும் பார்த்திருக்கிறீர்கள். அதனால், “இவர் நிஜமாகவே பெரிய எழுத்தாளரா, இல்லை அபாய் என்ற பழைய கவிஞரை அரசுக்குப் பிடித்த மாதிரி பரப்பிப் பெயர் வாங்கியவரா? படிப்பதென்றால் எதிலிருந்து தொடங்குவது?” என்று கேட்கிறீர்கள். அதிகாரத்துக்கு ஒருமுறை பணிந்தவர் எழுதியதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதுதான் இதன் அடியில் இருக்கும் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். ரஷ்ய இலக்கியமும் சோவியத் கால மத்திய ஆசிய இலக்கியமும் பல வருடங்கள் கல்லூரியில் பாடம் நடத்தியவன் நான். அவேசோவை ரஷ்ய மொழிபெயர்ப்பில்தான் முழுதாகப் படித்திருக்கிறேன். அவருடைய கசாக் நடையின் அழகைப் பற்றித் தீர்ப்பு சொல்லும் தகுதி எனக்கு இல்லை. வாழ்க்கை, காலம், கதைகளின் கட்டமைப்பு ஆகியவை பற்றிச் சொல்ல முடியும்.

முதலில் உறுதியானவை. அவேசோவ் 1897 செப்டம்பர் 28-ல், கிழக்குக் கசகஸ்தானின் செமிபலாத்தின்ஸ்க் பகுதியில், சிங்கிஸ்தாவ் மலையடிவாரத்தில் பிறந்தார். செமிபலாத்தின்ஸ்க் நகரத்துக்கு இன்று செமெய் என்று பெயர். கவிஞர் அபாய் குனன்பாய் (1845–1904) வாழ்ந்து மறைந்த மண்ணும் அதுவே. இரண்டு குடும்பங்களுக்கும் உறவு இருந்தது. அவேசோவின் தாத்தா அவேஸ் அபாயின் நண்பர். சிறு வயதிலேயே தந்தையை இழந்த பேரனுக்கு அந்தத் தாத்தாதான் எழுத்து கற்றுக்கொடுத்தார். அபாயின் கவிதைகளைக் கைப்பிரதியில் வைத்து மனப்பாடம் செய்ய வைத்தார். அப்போது அபாயின் கவிதைகள் புத்தகமாகவே வந்திருக்கவில்லை. முர்சேயித் போன்ற எழுத்தர்கள் நகலெடுத்த ஏடுகள்தான் கூடாரத்துக்குக் கூடாரம் கைமாறின. முதல் அச்சுப் புத்தகம் 1909-ல் பீட்டர்ஸ்பர்க்கில் வந்தது. ஆக, அபாய் அவருக்குப் பின்னாளில் கிடைத்த ‘தலைப்பு’ இல்லை. அவர் படிக்கக் கற்றுக்கொண்டதே அபாயில்தான்.

எழுத்துவாழ்க்கையும் அதே இடத்திலிருந்து தொடங்குகிறது. 1917 கோடையில், செமிபலாத்தின்ஸ்க் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி மாணவராக இருந்தபோது, ‘என்லிக்–கெபெக்’ என்ற நாடகத்தை எழுதி அரங்கேற்றினார். பகைக் குலங்களைச் சேர்ந்த இரண்டு காதலர்களை ஊர்ப் பெரியவர்கள் தீர்ப்புச் சொல்லிக் கொன்ற பழைய கதை அது. மேடை எது தெரியுமா? அபாயின் துணைவி ஐகேரிமின் முகாமில், இரண்டு யூர்ட் கூடாரங்களைச் சேர்த்துக் கட்டிய இடம். கசாக் நாடக வரலாற்றை அன்றிலிருந்துதான் எண்ணுகிறார்கள். 1926 ஜனவரியில் அன்றைய கசாக் தலைநகர் கிசில்ஒர்தாவில் கசாக் அரசு நாடக அரங்கம் திறக்கப்பட்டபோது முதலில் போட்டதும் இதே நாடகம். 1918-ல் நண்பர் ஜுசிப்பெக் ஐமவுத்தவுடன் சேர்ந்து ‘அபாய்’ என்ற பெயரிலேயே ஒரு இதழும் நடத்தினார். புரட்சிக்குப் பிறகு கசாக் தன்னாட்சி கேட்ட அலாஷ் இயக்கத்தின் சூழலில் வளர்ந்த இளைஞர்கள் அவர்கள். இந்த அலாஷ் தொடர்பு பின்னாளில் அவர் கழுத்தைச் சுற்றிய கயிறாகிவிட்டது.

1920-களின் தொடக்கத்தில் அரசுப் பொறுப்புகளை விட்டுவிட்டுப் படிக்கப் போனார். 1928-ல் லெனின்கிராட் பல்கலைக்கழகத்தில் பட்டம், அப்புறம் தாஷ்கெண்டில் ஆய்வு. இந்த வருடங்களில் எழுதிய கதைகளைத்தான் உங்கள் கேள்விக்கு நேரான பதிலாக நான் வைப்பேன். அவற்றை எழுதும்போது பரிசு கொடுக்க யாரும் இல்லை, பயந்து எழுதும் நிலையும் இன்னும் முற்றவில்லை. 1929-ல் வந்த ‘கோக்செரெக்’ குறுநாவலை எடுத்துக்கொள்ளுங்கள். குர்மாஷ் என்ற சிறுவன் ஒரு ஓநாய்க் குட்டியை ஊருக்குள் வைத்து வளர்க்கிறான். அது பாசத்துக்கு வளைவதில்லை. மந்தையில் கை வைக்கிறது, காட்டுக்கு ஓடுகிறது, தன் இனத்தோடு சேர்கிறது. கடைசியில் வேட்டைக்கு வரும் அதே சிறுவனைக் கொல்கிறது. ஓநாயின் பிணத்தைக் கொண்டுவந்து போடும்போது பேரனை இழந்த பாட்டி அதைப் பார்த்துக் கதறும் இடத்தில், எழுத்தாளர் யார் பக்கமும் சாய்வதில்லை. ஓநாய் கெட்டதும் இல்லை, சிறுவன் முட்டாளும் இல்லை. இதில் எந்த அரசுக்கும் உதவும் பாடம் கிடையாது. 1973-ல் தொலொமுஷ் ஒக்கேயவ் இதைப் படமாக எடுத்தார். திரைக்கதையில் ஆந்திரேய் கொஞ்சலோவ்ஸ்கியும் பங்கெடுத்தார்.

அதற்கு ஒரு வருடம் முன்பு, 1928-ல், ‘கொடுங்காலம்’ என்று நாம் சொல்லக்கூடிய ‘கியிலி சமான்’ வெளிவந்தது. முதல் உலகப் போரின் நடுவே, 1916 ஜூனில், மத்திய ஆசிய ஆண்களைப் போர்முனைக்குப் பின்னால் கூலிவேலைக்கு அனுப்பும்படி ஜார் ஆணையிட்டார். புல்வெளி முழுக்கக் கிளர்ச்சி வெடித்தது. அதில் கர்க்கரா சந்தையைச் சுற்றி வாழ்ந்த அல்பான் குலத்தாரின் எழுச்சியையும், அது நசுக்கப்பட்டதையும், மக்கள் எல்லை தாண்டிச் சீனப் பக்கம் ஓடியதையும் இந்தக் கதை சொல்கிறது. சந்தை ஒரு உயிருள்ள பிராணியைப் போல எழுந்து மூச்சுவிடும் அதன் தொடக்கப் பக்கங்களை வகுப்பில் வாசித்தபோதெல்லாம் மாணவர்கள் அசையாமல் கேட்டிருக்கிறார்கள். இந்தப் புத்தகத்தைச் சீக்கிரமே தடை செய்துவிட்டார்கள். அவர் இறந்து பத்தாண்டுக்கு மேல் கழித்து, 1972-ல்தான் ரஷ்ய மொழியில் மறுபடி வெளியே வந்தது.

இனி அந்த மன்னிப்புக் கடிதம். 1930-ல் கைது செய்யப்பட்டார். அலாஷ் காலத்து அறிவாளிகளை வளைத்துப் பிடித்த வழக்குகள் அவை. சுமார் இரண்டு வருடம் சிறை. 1932-ல் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனையோடு வெளியே விட்டார்கள். வெளியே வந்ததும், தன் முந்தைய படைப்புகளையும் அலாஷ் தொடர்பையும் கண்டித்து அவர் பெயரில் ஒரு கடிதம் செய்தித்தாள்களில் வெளியானது. அவர் உள்ளே இருந்த அதே காலத்தில் புல்வெளியில் பெரும் பஞ்சம். 1930–33-ல் கசகஸ்தானில் சுமார் 15 லட்சம் பேர் மடிந்தார்கள், பெரும்பாலோர் கசாக்குகள். கூட்டாக இதழ் நடத்திய ஐமவுத்தவை 1931-ல் சுட்டுக் கொன்றார்கள். மொழியறிஞர் அக்மெத் பைதுர்சினவ் 1937-லும், கவிஞர் மக்ஜான் ஜுமபாயவ் 1938-லும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கடிதத்தின் எந்த வரி அவருடையது, எது கைக்குள் திணிக்கப்பட்டது என்று பிரித்துச் சொல்ல ஆதாரம் போதாது. ஆனால் கடிதத்துக்குப் பிறகு அவர் செய்தது தெரியும். இரண்டே வருடத்தில், 1934-ல், ஜார் ஆட்சியை எதிர்த்துப் பத்தாண்டு போரிட்ட கெனெசரி கானைப் பற்றி ‘கான் கெனே’ நாடகத்தை எழுதினார். அதையும் தடை செய்தார்கள். பணிந்தே போனவர் அந்தக் கதையைத் தொட்டிருக்கவே மாட்டார் என்பது என் கணிப்பு.

1937–38-ல், ஸ்டாலின் நடத்திய பெரும் கைது–கொலை வேட்டையிலிருந்து அவர் எப்படித் தப்பினார் என்பது பற்றிப் பல ஊகங்கள் உண்டு. எதையும் தீர்மானமாகச் சொல்லும் அளவுக்கு ஆவணம் நான் பார்த்ததில்லை. அந்த வருடம் அவர் என்ன எழுதினார் என்பதைக் கவனியுங்கள். 1937 புஷ்கின் இறந்து நூறாவது ஆண்டு. சோவியத் நாடு முழுக்கப் பெரும் கொண்டாட்டம். புஷ்கினின் ‘யெவ்கேனி ஒனேகின்’ காவியத்தில் தத்தியானா எழுதும் காதல் கடிதத்தை அபாய் கசாக்கில் ஆக்கி, மெட்டும் போட்டிருந்தார். அது ஊர் ஊராகப் பாடப்பட்டது. ‘தத்தியானா புல்வெளியில் பாடிய பாட்டு’ என்று அந்த நிகழ்வையே புனைவாக எழுதி அந்த ஆண்டு வெளியிட்டார் அவேசோவ். ‘அபாய் பாதை’ நாவலின் விதை அதுதான். புஷ்கினின் ரசிகனாக, ரஷ்ய நாடுகடத்தல் கைதிகளிடம் படித்தவனாக அபாயைக் காட்டினால், அபாயைத் தொட யாருக்கும் துணிவு வராது. அபாயோடு சேர்ந்து அவருடைய ஊர், திருமணம், சாவுச் சடங்கு, வழக்குத் தீர்ப்பு, குதிரைச் சந்தை, பாட்டுப் போட்டி எல்லாமே அச்சேறிவிடும். அவர் இதைக் கணக்குப் போட்டுத்தான் செய்தார் என்று எழுத்துபூர்வமாக நிரூபிக்க என்னால் முடியாது. நடந்ததென்னவோ இதுதான்.

அதற்கு முன்பே தொகுப்பு வேலை நடந்துகொண்டிருந்தது. அபாயை நேரில் பார்த்த கிழவர்களைத் தேடிப் போய் நினைவுகளை எழுதி எடுத்தார். 1933-ல் கிசில்ஒர்தாவில் அபாயின் முழுத் தொகுப்பைத் தன் விரிவான வாழ்க்கை வரலாற்றோடு கொண்டுவந்தார். 1909 பதிப்பில் இல்லாத கவிதைகள் பல இதில் சேர்ந்தன. வாய்வழியாக மட்டும் கிடைத்தவற்றில் எது நிச்சயமாக அபாயுடையது என்ற விவாதம் பாடத்திருத்த அறிஞர்களிடையே இன்றும் இருக்கிறது. அந்த விவாதத்தில் இறங்குகிறவர்களும் அவர் போட்ட பாதையில்தான் நடக்கிறார்கள். 1944-ல் ஜுபானவும் ஹமீதியும் இசையமைத்த ‘அபாய்’ ஓபராவுக்கு வசனம் எழுதியதும் அவரே. ‘பரப்பியவர்’ என்று நீங்கள் சொன்னது அந்த அளவில் உண்மை. ஒரு கவிஞனுக்காக இதழ், பதிப்பு, வரலாறு, நாடகம், ஓபரா, நாவல் என்று ஒரே மனிதர் இத்தனை வழியிலும் உழைத்ததற்கு உலகத்தில் அதிக உதாரணங்கள் இல்லை.

நாவலின் முதல் தொகுதி 1942-ல் வந்தது, இரண்டாவது 1947-ல். 1949-ல் ஸ்டாலின் பரிசு. மொத்தம் நான்கு தொகுதிகள் முடிந்தது 1956-ல். 1959-ல் லெனின் பரிசு. நாடுகடத்தப்பட்டு அல்மா-அத்தாவில் (இன்றைய அல்மாத்தி) வாழ்ந்த அன்னா நிகோல்ஸ்கயா முதல் தொகுதியை ரஷ்யனில் ஆக்கினார். பிறகு லியோனித் சபோலெவ் முதலியோரின் கையும் சேர்ந்தது. அந்த ரஷ்யப் பிரதியிலிருந்துதான் அது உலகம் சுற்றியது. பாரிஸில் பிரெஞ்சுக் கவிஞர் லூயி அரகோன் பொறுப்பேற்று கல்லிமார் பதிப்பகம் வெளியிட்ட சோவியத் இலக்கிய வரிசையிலும் இடம்பெற்றது. முதல் தொகுதி எப்படித் தொடங்குகிறது என்றால், நகரத்தில் படித்துவிட்டு ஊருக்குத் திரும்பும் பதின்மூன்று வயதுப் பையன் அபாயோடு. வந்த கொஞ்ச நாளிலேயே, தன் தந்தை குனன்பாயின் கட்டளைப்படி கோதார் என்ற கிழவனையும் அவன் மருமகளையும், செய்யாத குற்றத்துக்காக, ஒட்டகத்தின் இரண்டு பக்கமும் தூக்கில் தொங்கவிடுவதைப் பார்க்கிறான். நாவலின் நான்கு தொகுதிகளும் அந்தப் பையனுக்கும் அந்தத் தந்தைக்கும் இடையில் விழும் விரிசலிலிருந்து வளர்கின்றன.

சந்தேகத்துக்குரியவையும் இங்கேதான் குவிந்து கிடக்கின்றன. நாவலின் குனன்பாய் இரும்பு மனம் கொண்ட கொடுங்கோலன். வரலாற்றுக் குனன்பாய் அப்படி மட்டும் இருந்தவர் இல்லை. 1846-ல் அவரைச் சந்தித்த போலந்து நாடுகடத்தல் கைதி அதொல்ஃப் யானுஷ்கேவிச், அவருடைய பேச்சாற்றலையும் அறிவையும் நியாயம் கேட்டு வரும் மக்கள் கூட்டத்தையும் வியந்து எழுதியிருக்கிறார். கர்க்கராலியில் பள்ளிவாசல் கட்டியவர், மெக்கா சென்று கசாக் யாத்திரிகர்களுக்குத் தங்குமிடம் ஏற்படுத்தியவர். இந்தப் பக்கம் நாவலில் மங்கிப் போகிறது. அபாயின் இஸ்லாமிய நம்பிக்கையும் அப்படியே. அபாயின் உரைநடைச் சிந்தனைகளைப் படித்தால் அவர் எவ்வளவு ஆழ்ந்த மத நம்பிக்கையாளர் என்று தெரியும்; நாவலில் முல்லாக்களோடு மோதும் சீர்திருத்தவாதியே பெரிதாகத் தெரிகிறார். ரஷ்ய நண்பர்களின் பங்கு உள்ளதைவிடப் பெரிதாக்கப்பட்டிருக்கிறது என்றும் பல ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

இவை எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது ஷக்கரிம் விஷயம். அபாயின் அண்ணன் மகன், தானும் பெரிய கவிஞர், சிந்தனையாளர். 1931 அக்டோபரில் ரகசியப் போலீஸார் அவரைச் சுட்டுக் கொன்று உடலைப் பாழுங்கிணற்றில் போட்டார்கள். மகன் அஹத் 1961-ல்தான் எலும்புகளை எடுத்து அபாயின் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார். அந்த ஷக்கரிமின் சாயல்தான் நாவலில் ஷுபார் என்ற நம்பத்தகாத பாத்திரமாக வருகிறது என்பது பரவலான கருத்து. பெயரைச் சொல்லவே முடியாத ஒருவரைக் கெட்டவராகவாவது உள்ளே வைத்தார் என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு. அந்தச் சமாதானத்தை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. அபாயைக் காப்பாற்றியதற்கான விலையில் ஒரு பங்கை, வாய் திறக்க முடியாத ஷக்கரிம் கொடுத்தார்.

பரிசுகள் அவருக்குப் பாதுகாப்பு தந்தன என்று நினைத்தால் அதுவும் சரியில்லை. பெரிய பரிசு வாங்கிய இரண்டாம் வருடமே மறுபடி வேட்டை தொடங்கிவிட்டது. அவருடைய மாணவர் கயூம் முகமெத்கானவ், அபாயின் சீடர்களான கவிஞர்களைப் பற்றி 1951-ல் ஆய்வேடு சமர்ப்பித்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் அவரைக் கைது செய்து 25 வருடத் தண்டனை கொடுத்தார்கள். ஆசிரியருக்கு எதிராகச் சாட்சி சொல்லும்படி நெருக்கியும் கயூம் சொல்லவில்லை. ஸ்டாலின் இறந்த பிறகு விடுதலையானார். அவேசோவ் மீது ‘தேசியவாதி’ என்ற பழைய குற்றச்சாட்டு புதிதாகக் கிளம்ப, 1953-ல் அல்மா-அத்தாவை விட்டு மாஸ்கோவுக்குப் போனார். மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சோவியத் மக்களின் இலக்கியம் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டு அந்தக் காலத்தைக் கடத்தினார். காற்று மாறியதும் திரும்பினார்.

அபாயோடு நிற்கவில்லை அவர். கிர்கிஸ் மக்களின் ‘மனாஸ்’ காவியத்தை மக்களுக்கு விரோதமானது என்று ஒதுக்கித்தள்ளப் பார்த்தார்கள். 1952-ல் ஃப்ரூன்சே (இன்றைய பிஷ்கெக்) நகரத்தில் அதைப் பற்றி நடந்த மாநாட்டில், தன் தலைக்கு மேலேயே கத்தி தொங்கிய அந்த நேரத்தில், எழுந்து நின்று காவியத்துக்காக வாதாடினார். சயாக்பாய் கரலாயவ் என்ற ஒரே பாடகரிடமிருந்து மட்டும் சுமார் 5 லட்சம் அடிகள் பதிவான காவியம் அது. காவியத்தின் கரு 9-ஆம் நூற்றாண்டில் கிர்கிஸ்கள் உய்குர்களை வென்ற காலத்தைச் சேர்ந்தது என்பது அவர் கொள்கை. இது நிறுவப்பட்டது என்று சொல்ல முடியாது, எதிர்வாதங்கள் வலுவாக உண்டு. 1958-ல் இன்னொரு காரியம் செய்தார், அதன் பலன் நம் கைக்கே வந்து சேர்ந்திருக்கிறது. அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு கிர்கிஸ் இளைஞரின் குறுநாவல் மாஸ்கோ இதழில் வந்திருந்தது. அந்த அக்டோபரில் ‘லித்தெரதூர்னயா கஸேத்தா’ என்ற இலக்கியச் செய்தித்தாளில் அதை மனம் நிறைந்து வரவேற்று எழுதினார் அவேசோவ். குறுநாவல் ‘ஜமீலா’, இளைஞர் சிங்கிஸ் ஐத்மாத்தவ். அடுத்த வருடம் அரகோன் அதைப் பிரெஞ்சில் கொண்டுபோனார். தமிழிலும் ஐத்மாத்தவை எத்தனையோ பேர் படித்து வளர்ந்திருக்கிறோம். வெளிநாடு போகும்போது தான் எடுத்துச் செல்லும் இரண்டு செல்வங்கள் ‘மனாஸ்’, அவேசோவ் என்று ஐத்மாத்தவ் சொல்லியிருக்கிறார்.

கடைசி ஆண்டுகளில் நிறையப் பயணம் செய்தார். 1955-ல் இந்தியாவுக்கும், 1957-ல் ஜப்பானுக்கும், 1960-ல் அமெரிக்காவுக்கும் போய்வந்தார். இதற்கிடையில் அவர் நாவலில் வரும் நிலத்துக்கு என்ன நடந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்டாலின் பரிசு கிடைத்த அதே 1949-ல், ஆகஸ்ட் 29-ஆம் தேதி, செமிபலாத்தின்ஸ்க் சோதனைத் தளத்தில் முதல் சோவியத் அணுகுண்டு வெடித்தது. அபாயின் ஊர்ப்பக்கம் அந்தத் தளத்தின் விளிம்பில் இருக்கிறது. 1989 வரை அங்கே 456 சோதனைகள். நாவலைப் படிக்கும்போது அந்த ஓடைகளின், மேய்ச்சல் நிலங்களின் பெயர்கள் வரும் இடங்களில் எனக்கு இது நினைவுக்கு வராமல் போனதில்லை. அவேசோவ் 1961 ஜூன் 27-ல் மாஸ்கோ மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சையின்போது இறந்தார். எழுதிக்கொண்டிருந்த சமகால நாவல் முடிவடையவில்லை. அடுத்த வருடம் இருந்தபடியே அச்சிட்டார்கள்.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: அவர் பெரிய எழுத்தாளர், அதில் எனக்குத் தயக்கம் இல்லை. ‘அபாய் பாதை’யின் முதல் இரண்டு தொகுதிகளைப் பெரிய நாவல்களின் வரிசையில் முழு மனதோடு வைப்பேன். மூன்றாவது, நான்காவது தொகுதிகளில் ஏழை–பணக்காரன் மோதல் வகுப்பறைத்தனமாக இறுகிவிடுகிறது, வசனங்கள் நீள்கின்றன. விமர்சன நெருக்கடியில் திரும்பத் திரும்ப மாற்றி எழுதப்பட்ட பகுதிகள் அவை. புல்வெளி வாழ்க்கையின் நடைமுறைகளுக்கு, அதாவது குளிர்கால முகாம், குலச் சண்டை, பெண் கொடுக்கல் வாங்கல், இறந்தவருக்கு ஓராண்டு முடிவில் நடக்கும் பெரும் விருந்து ஆகியவற்றுக்கு நாவலைத் தாராளமாக நம்பலாம். அவர் அதற்குள் பிறந்தவர், கேட்டு எழுதியவர். தனி மனிதர்கள் மீதான தீர்ப்புகளுக்கு, முக்கியமாகக் குனன்பாய், ஷுபார், முல்லாக்கள் விஷயத்தில், வேறு புத்தகங்களையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

படிக்கும் வரிசை என்று கேட்டீர்கள் அல்லவா? முதலில் ‘கோக்செரெக்’. ஒரே மாலையில் படித்துவிடலாம். அடுத்து ‘கியிலி சமான்’. பிறகு 1927-ல் எழுதிய ‘கராஷ் கணவாயில் துப்பாக்கிச் சத்தம்’. பணக்காரன் ஒருவனுக்காகக் குதிரை திருடி, அவனாலேயே காட்டிக்கொடுக்கப்படும் பக்தீகுல் என்ற ஏழையின் கதை. இந்த மூன்றுக்கும் பிறகு ‘அபாய் பாதை’ முதல் தொகுதி. ரஷ்ய மொழி தெரிந்தால் அதிலேயே படியுங்கள். ஆங்கிலத்தில் படிப்பதானால், கசாக்கிலிருந்து நேரடியாக வந்ததா, ரஷ்யன் வழியாக வந்ததா, சுருக்கப்பட்டதா என்று முதல் பக்கத்தில் பார்த்துவிட்டு வாங்குங்கள். நாவலுக்கு நடுவில் ஒரு இடைவெளி விட்டு, அபாயின் உரைநடைச் சிந்தனைகளையும் படித்துவிடுங்கள். மொத்தம் நாற்பத்தைந்து சிறு கட்டுரைகள்தான். அவேசோவ் காட்டும் அபாயும் அபாயே பேசும் அபாயும் எங்கே ஒன்றுகிறார்கள், எங்கே பிரிகிறார்கள் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.